கிளியனூர் ரோட்டில் கமாண்டோ: அதிரடிப்படைகள் பற்றிச் சில குறிப்புகள்

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கிளியனூர். மயிலாடுதுறைப் பக்கமும் ஒரு கிளியனூர் உண்டு, நான் சொல்வது வானூர் வட்டத்துக் கிளியனூர். இந்த ரோட்டில் போலீஸ் வண்டியை மறிப்பது ஒன்றும் புதுசு இல்லை. பாண்டிச்சேரி பாட்டிலுக்காக பைக் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், பஸ்ஸில் ஏறிப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். எங்களுக்கெல்லாம் பழகிப் போன விஷயம்.

ஆனால் சில நாள் சோதனை வேறு மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தடுப்பு போட்டு ஒவ்வொரு காரையும் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், பச்சைப் புள்ளி போட்ட பேன்ட். பக்கத்தில் இருந்த பையன், ஒன்பதாவது படிப்பான், “அண்ணா, கமாண்டோ வந்திருக்காங்க”ன்னு கிசுகிசுத்தான். அது ‘சாகர் கவச்’ ஒத்திகை. மரக்காணம் கடற்கரை இங்கிருந்து பக்கம்தானே. போலீஸிலேயே சில பேர் தீவிரவாதி மாதிரி வேஷம் போட்டு கடல் வழியாக உள்ளே வரப் பார்ப்பார்கள், மற்ற போலீஸ் பிடிக்க வேண்டும். நின்றவர்கள் கமாண்டோக்கள் இல்லை, மாவட்ட ஆயுதப்படைக்காரர்கள். இதைச் சொன்னதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப கமாண்டோன்னா யாருண்ணா?” என்றான். டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் ‘சிறப்பு’ என்ற சொல்லை நம்பக் கூடாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படை என்று ஒன்று இருக்கிறது. ஊர்ப் பேச்சில் ‘பட்டாலியன் போலீஸ்’. திருவிழா, தேர்தல், கலவரம், அணை, சிறைச்சாலை என்று எங்கே கூட்டமாகப் போலீஸ் வேண்டுமோ அங்கே இவர்கள் போவார்கள். இதன் வேர் மலபார் சிறப்புக் காவல் படையில் இருக்கிறது. 1921ல் மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது வெள்ளைக்காரன் உண்டாக்கிய படை அது. பெயரில் சிறப்பு இருந்தாலும் இன்று உலகம் ‘சிறப்புப் படை’ என்று சொல்லும் அர்த்தத்தில் இவர்கள் வரமாட்டார்கள். அந்த அர்த்தத்தில் வருவது தமிழ்நாடு கமாண்டோ படையும், சத்தியமங்கலம் காட்டோடு சேர்த்தே நாம் நினைக்கும் சிறப்பு அதிரடிப்படையும்தான். ‘கறுப்புப் பூனை’ என்றால் நம்மாட்களுக்கு ஜெயலலிதா, கருணாநிதி காரைச் சுற்றி ஓடியவர்கள்தான் ஞாபகம் வருவார்கள். அது தேசியப் பாதுகாப்புப் படை. 1984ல் உருவானது. தலைவர்களுக்குக் காவல் நிற்பது அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வேலை. படை எழுப்பப்பட்டதே கடத்தலையும் தீவிரவாதத் தாக்குதலையும் எதிர்கொள்ள. ராணுவத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பிரிவு, போலீஸிலிருந்து வந்தவர்கள் ஒரு பிரிவு என்று கலந்து கட்டிய படை.

இந்த மாதிரிப் படைகள் ஏன் பிறந்தன? பெரும்பாலும் ஒரு அவமானத்திலிருந்து. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களைப் பிணை பிடித்தார்கள். பவேரியா மாநிலப் போலீஸ் விமானத் தளத்தில் மீட்கப் பார்த்தது. கடத்தியவர்கள் எட்டுப் பேர். குறி பார்த்துச் சுட நிறுத்தியவர்கள் ஐந்தே பேர், அவர்களும் அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வயர்லெஸ்கூட இல்லை. பிணைக்கைதிகள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, மொத்தம் 11 இஸ்ரேலியர்கள் செத்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே மேற்கு ஜெர்மனி ‘ஜி.எஸ்.ஜி.9’ என்ற படைக்கு உத்தரவு போட்டது. ராணுவத்தில் வைக்காமல் எல்லைக் காவல் போலீஸில் வைத்தார்கள். உள்நாட்டு விவகாரத்தில் ராணுவத்தை இறக்கக் கூடாது என்பதில் போருக்குப் பிந்தைய ஜெர்மனி கவனமாக இருந்தது. ஐந்து வருஷம் கழித்து, 1977 அக்டோபர் 18ந் தேதி, சோமாலியாவின் மொகதிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தில் இந்தப் படை ஏறியது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது, உள்ளே இருந்த பயணிகள் அத்தனை பேரும் உயிரோடு வந்தார்கள். அக்டோபர் 18. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நமக்கும் இதே மாதிரிப் பாடங்கள் உண்டு, ஆனால் படை இருந்தும் நடந்த அவமானங்கள் அவை. 1999 டிசம்பர் 24, காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானம் அமிர்தசரஸில் முக்கால் மணி நேரம் நின்றது. கமாண்டோக்கள் வந்து சேர்வதற்குள் கிளம்பிப் போய்விட்டது. 2008 நவம்பர் 26 மும்பை. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. தேசியப் பாதுகாப்புப் படை இருப்பது டெல்லி பக்கத்தில் மானேசரில். ஏற்றிப் போகும் பெரிய விமானம் சண்டிகரில். விமானம் டெல்லி வந்து, ஆட்களை ஏற்றி, மும்பை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. உலகத்திலேயே நல்ல பயிற்சி கொடுத்து வைத்திருந்தாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன புண்ணியம்? அதற்குப் பிறகுதான் 2009ல் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் நான்கு இடத்திலும் அந்தப் படைக்கு முகாம் வந்தது. சென்னை முகாம் வண்டலூர் பக்கத்து நெடுங்குன்றத்தில். கிளியனூரிலிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

அந்த மும்பை இரவில் இன்னொன்றும் நடந்தது. கமாண்டோக்கள் வந்து இறங்குவதற்கு முன்பே ஒருவன் உயிரோடு பிடிபட்டுவிட்டான், கசாப். பிடித்தது கிர்காவ் சௌபாட்டி கடற்கரைச் சாலையில் தடுப்பு போட்டு நின்ற சாதாரண போலீஸ்காரர்கள். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கையில் லத்திதான் இருந்தது. துப்பாக்கிக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டார். குண்டுகளை உடம்பில் வாங்கினாரே தவிர விடவில்லை. இறந்த பிறகு அசோக சக்ரா கொடுத்தார்கள். டீக்கடைப் பையனிடம் இதை முதலில் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. நம்ம ரோட்டில் பச்சைப் பேன்ட்டோடு நின்ற இரண்டு பேர் அந்த ஜாதி.

ராணுவச் சிறப்புப் படைக்கும் போலீஸ் சிறப்புப் படைக்கும் என்ன வித்தியாசம்? துப்பாக்கி, கயிறு, கறுப்பு உடை எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் கணக்கு ஒப்படைப்பதில். ராணுவத்துக்கு எதிரில் இருப்பவன் எதிரி, போலீஸுக்கு அவன் குற்றவாளி. போலீஸ் சுட்டால் எதற்குச் சுட்டாய் என்று ஒரு மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். 1980 மே 5ந் தேதி லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் எஸ்.ஏ.எஸ். ராணுவக் கமாண்டோக்கள் நுழைந்த கதை எல்லோருக்கும் தெரியும், டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்னக் காரியம். லண்டன் போலீஸ் அதிகாரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்தார். வேலை முடிந்ததும் ராணுவம் அதே மாதிரி எழுதிப் போலீஸிடம் திருப்பிக் கொடுத்தது. அந்த இடைப்பட்ட நேரத்துக்கு யார் பொறுப்பு என்று பின்னால் யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. உள்ளே நடந்த சாவுகள் பற்றி மரண விசாரணையும் நடந்தது.

பிரெஞ்சுக்காரர்களின் ‘ஜி.ஐ.ஜி.என்.’ வேறொரு வழி. 1974ல் களத்துக்கு வந்த இந்தப் படை ஆறு குண்டு ரிவால்வரைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. சரமாரியாகச் சுடாதே, ஒரு குண்டு போதும் என்கிற பழக்கம். 1994 டிசம்பர் 26ல் மார்சேய் விமான நிலையத்தில் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஏர் பிரான்ஸ் விமானத்தை மீட்டது இவர்கள்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்களை ‘சொல்தா’ என்று சொல்வோம். அப்படி ஒரு சொல்தா தாத்தாவிடம் இந்தப் படை பற்றிக் கேட்டேன். “அது ஜாந்தார்ம் ஆளுங்க, நாங்க சொல்தா, அது வேற இது வேற” என்று கோபித்துக்கொண்டார். சரியாகத்தான் சொன்னார். ஜாந்தார்ம் என்பது சீருடை, சம்பளம், ஒழுங்கு எல்லாம் ராணுவம் மாதிரி, வேலை மட்டும் போலீஸ் வேலை.

இனி நம்ம கதைக்கு வருவோம். உலகப் படைகள் பெரும்பாலும் ஒரு வகைக் குற்றத்துக்காகப் பிறந்தவை. தமிழ்நாட்டு அதிரடிப்படை ஒரே ஒரு ஆளுக்காகப் பிறந்தது. கொலம்பியாவில் பாப்லோ எஸ்கோபாரைப் பிடிக்க எழுப்பிய தேடுதல் படையை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். 1993 டிசம்பர் 2ந் தேதி மெதெயின் நகரத்தில் அவன் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டார்கள். அங்கே ஊர்ப் போலீஸை நம்பாமல் வெளியூர்க்காரர்களை வைத்துப் படை கட்டினார்கள். இங்கே கதை எப்படிப் போனது என்று பாருங்கள்.

கோபிநத்தம் வீரப்பன் யானைத் தந்தத்தில் ஆரம்பித்து சந்தனக் கட்டைக்கு வந்து, அங்கிருந்து ஆட்களைக் கொல்வதற்கு வந்தவன். 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் சரணடைவதாகச் சொன்ன பேச்சை நம்பிப் போய்க் கொல்லப்பட்டார். கோபிநத்தத்தில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் உதவியவர் அவர், ஊரில் இன்றும் பெயர் சொல்கிறார்கள். 1992 ஆகஸ்டில் மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணா. 1993 ஏப்ரல் 9ந் தேதி பாலாறு பக்கம் கண்ணிவெடி. போலீஸ், வனக் காவலர்கள், அவர்களோடு போன தகவல் சொல்பவர்கள் என்று 22 பேர் சிதறினார்கள். ‘ராம்போ’ என்று கூப்பிடப்பட்ட எஸ்.பி. கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு தப்பினார். கர்நாடகம் ஏற்கெனவே ஒரு அதிரடிப்படை வைத்திருந்தது. இந்த வெடிக்குப் பிறகு தமிழ்நாட்டுப் படையும் வால்டர் தேவாரம் தலைமையில் முழு வேகத்தில் இறங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படையையும் கூட்டி வந்தார்கள்.

எங்க தெருவில் எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், பட்டாலியனிலிருந்து அந்தக் காலத்தில் இரண்டு வருஷம் அதிரடிப்படைக்குப் போனவர். அவர் சொல்வதில் வீரதீரம் அதிகம் இருக்காது. “ஏரிக்கரையில வளர்ந்தவன்டா நான். காட்டுல எந்தப் பக்கம் கிழக்குன்னே தெரியாது. மொத மாசம் பூரா யானைக்குப் பயந்ததுதான், வீரப்பனுக்குப் பயப்பட நேரமே இல்ல” என்பார். உண்ணி கடித்துப் புண், காய்ச்சல், பாதி வெந்த சோறு. இருபது முப்பது பேர் சேர்ந்து நடந்தால் காட்டில் சத்தம் ஒரு மைலுக்குக் கேட்கும். சிகரெட் பிடித்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். அவனோ அந்த மண்ணில் பிறந்தவன். கூட்டமாகப் போகிறவன் காட்டில் வேட்டைக்காரன் இல்லை, இரை.

இதே பாடத்தை ஆந்திராக்காரர்கள் கொஞ்சம் முன்னாலேயே படித்துவிட்டார்கள். 1989ல் வியாஸ் என்கிற ஐ.பி.எஸ். அதிகாரி ‘கிரேஹவுண்ட்ஸ்’ படையை நக்சலைட்டுகளுக்கு எதிராக அமைத்தபோது சின்னச் சின்னக் குழுக்களாக, எதிராளி மாதிரியே நடந்து, காட்டிலேயே தூங்கி, வந்த வழியில் திரும்பாமல் போகப் பழக்கினார். 1993ல் அவரையே கொன்றுவிட்டார்கள். படை மட்டும் நின்றது, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போகும் அளவுக்கு நின்றது. அவர்களும் 2008 ஜூனில் பலிமேலா அணையில் படகில் போகும்போது சிக்கி ஒரே நாளில் 38 பேரை இழந்தார்கள். விதி ஒன்றை ஒரு தடவை மீறினால் போதும்.

நம்ம அதிரடிப்படையின் முதல் பத்து வருஷத்தில் காட்டைவிட அதிகம் அடிபட்டது காட்டோரக் கிராமங்கள். வீரப்பன் கிடைக்கவில்லை. அவனுக்கு அரிசி கொடுத்தவன், கொடுத்திருக்கக் கூடியவன், அவன் ஜாதிக்காரன், அவன் போன பாதையில் ஆடு மேய்த்தவன் எல்லாரும் கிடைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடா சட்டத்தில் மைசூர் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். 2001ல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலானவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலை. மாதேஸ்வரன் மலையில் இருந்த விசாரணை இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘ஒர்க்‌ஷாப்’. மின்சாரம் வைத்ததிலிருந்து பாலியல் கொடுமை வரை புகார்கள் இரண்டு மாநிலப் படைகள் மீதும் குவிந்தன. 1999ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு போட்டது. சி.பி.ஐ. முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் அதில் இன்னொரு உறுப்பினர்.

இங்கே ஒரு திருத்தம். வாச்சாத்தியையும் அதிரடிப்படைக் கணக்கில் எழுதுபவர்கள் நிறையப் பேர். 1992 ஜூன் 20ல் அந்த ஊரில் நுழைந்தது வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்த கூட்டம், சந்தனக் கட்டை தேடுகிறேன் என்று. தமிழ்நாட்டு அதிரடிப்படை இறங்குவதற்கு முந்தைய வருஷம் அது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள், மீதி 215 பேருக்கும் 2011ல் தண்டனை கிடைத்தது, 2023ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தனிப்படை இல்லாமலே, சாதாரணச் சீருடையிலேயே அந்த அக்கிரமம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘சிறப்பு’ என்ற முத்திரைதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று நான் நினைத்த நாள் உண்டு. வாச்சாத்தியைப் படித்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்தான். 2002ல் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கடத்தினான், அவர் பிணமாகத்தான் கிடைத்தார். இதற்குப் பிறகுதான் முறை மாறியது. விஜயகுமார் தலைமைக்கு வந்தபோது காட்டுக்குள் துரத்துவதைக் குறைத்து, அவனை வெளியே வரவைக்கப் பார்த்தார்கள். உளவுப் பிரிவை எஸ்.பி. செந்தாமரைக்கண்ணன் பார்த்துக்கொண்டார். போலீஸ்காரர்கள் கொத்தனாராக, பஸ் கண்டக்டராக, சாமான் விற்பவராக ஊர்களில் போய் உட்கார்ந்தார்கள். வீரப்பனுக்கும் வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது, கண்ணில் புரை, கூட்டமும் சுருங்கி நாலு பேராகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்ற பேச்சு அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டிப் போக வந்த ஆம்புலன்ஸ் போலீஸின் வண்டி. மேலே சேலத்து மருத்துவமனை ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. ஓட்டியவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரையும் அதிரடிப்படை ஆட்கள்.

2004 அக்டோபர் 18. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. இரவு பதினோரு மணி நெருங்கும்போது ரோட்டில் லாரி குறுக்கே நின்றது. ஆம்புலன்ஸ் நின்றதும் முன்னால் இருந்த இரண்டு பேரும் இறங்கி இருட்டில் ஓடிவிட்டார்கள். சரணடையச் சொல்லி அறிவித்தோம், உள்ளே இருந்து சுட்டார்கள், நாங்களும் சுட்டோம் என்பது போலீஸ் சொல்வது. இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. வீரப்பன், சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி நாலு பேரும் செத்தார்கள். உயிரோடு பிடித்திருக்க முடியாதா, பிடித்து வைத்துச் சுட்டார்களா என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே கேட்டன. நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘கக்கூன்’, பட்டுப்புழுக் கூடு. பொருத்தமான பெயர்தான், புழு தானாகத்தான் கூட்டுக்குள் போகிறது.

கடைசியில் அவனைச் சாய்த்தது மரம் ஏறவும் கயிற்றில் இறங்கவும் கொடுத்த பயிற்சி இல்லை, கொத்தனாராக உட்கார்ந்திருந்தவரின் பொறுமை. சினிமாவில் இதைக் காட்ட முடியாது, ஏனென்றால் மாசக்கணக்கில் ஒன்றுமே நடக்காது.

ஆனால் அந்த ஆம்புலன்ஸ் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீரப்பனுக்காக இல்லை. ஆம்புலன்ஸ் என்றால் வழி விட வேண்டும், நம்ப வேண்டும் என்று ஊர் உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. போரில் செஞ்சிலுவைச் சின்னத்தைப் போட்டு ஏமாற்றக் கூடாது என்று சர்வதேசச் சட்டமே உண்டு. போலீஸ் வேலைக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் பாருங்கள், 2008 ஜூலை 2ல் கொலம்பிய ராணுவம் தொண்டு நிறுவன வேஷத்தில் ஹெலிகாப்டரில் போய், ஒரு குண்டுகூடச் சுடாமல் இங்க்ரிட் பெத்தான்கூர் உட்பட 15 பிணைக்கைதிகளை மீட்டது. அபாரமான வேலை. அதில் ஒரு வீரர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தது வெளியே வந்தபோது, அந்நாட்டு ஜனாதிபதியே மன்னிப்புக் கேட்டார். பின் லேடனைத் தேடியபோது அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் அமெரிக்க உளவுத்துறை ஆள் அனுப்பியது. அது தெரிந்த பிறகு பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் மேலேயே சந்தேகம் விழுந்தது, சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014ல் வெள்ளை மாளிகை சொல்ல வேண்டி வந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பிறகு அப்படி விபரீதம் எதுவும் நடக்கவில்லை, நல்ல வேளை. ஆனால் கேள்வி கேட்கப்படவே இல்லை. நம்ம ஊரில் அந்த வண்டியைச் சாமர்த்தியம் என்று மட்டும்தான் பேசினோம். கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து, உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

அடுத்தது பணக் கணக்கு. வீரப்பன் செத்த சில நாட்களிலேயே ஜெயலலிதா அரசு அதிரடிப்படையில் இருந்த சுமார் 750 பேருக்கும் ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், வீட்டு மனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தது. சதாசிவா குழு விசாரித்து, அறிக்கை கொடுத்து, அது ஆணையத்தில் கிடந்து, 2007 ஜனவரியில் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னார்கள். வகுத்துப் பார்த்தேன். சராசரியாக ஆளுக்கு 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. தொகை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று சில நாளில் வந்தது, இன்னொன்றுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. முதலாவதில் படையில் இருந்தால் போதும், ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் ஒவ்வொருவரும் தன் உடம்பில் நடந்ததை அந்நியர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ்காரர்களுக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலிலும் கண்ணிவெடியிலும் அவர்கள் பட்டது கொஞ்சமில்லை.

ஒரே ஆளுக்காகப் பிறந்த படை, அந்த ஆள் போன பிறகு என்ன ஆகும்? கலைக்க மாட்டார்கள். உலகத்தில் எங்கேயும் இப்படிப் படைகளைக் கலைப்பது அபூர்வம். நம்ம அதிரடிப்படை சத்தியமங்கலத்தை மையமாக வைத்து இன்னும் இருக்கிறது, மாவோயிஸ்டுகள் கேரள, கர்நாடக எல்லை வழியாக வருகிறார்களா என்று பார்ப்பது இப்போதைய வேலை.

‘அதிரடிப்படை’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இலங்கைத் தமிழ் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். தலைப்பைப் பார்த்ததும் வைத்துவிட்டார். அங்கே ‘விசேட அதிரடிப்படை’ என்றால் வேறொரு படை. 1980களின் நடுவில், பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். முன்னாள் வீரர்கள் நடத்திய தனியார் நிறுவனத்தின் பயிற்சியோடு எழுந்த போலீஸ் பிரிவு. கிழக்கு மாகாணத்தில் முகாம் போட்டார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணைப் படுகொலை அவர்கள் மேல் சொல்லப்படுகிறது. 2006 ஜனவரி 2ல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான 13 பேரும் 2019ல் போதிய சாட்சி இல்லை என்று விடுதலையானார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பலர் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள். நண்பர் மட்டக்களப்புக்காரர். “உங்களுக்கு அதிரடிப்படையெண்டா வீரப்பன் படம். எங்களுக்கு அது ரோட்டில நிக்கிற ஜீப்” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். திண்ணையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். யானை விஷயம் வந்தபோது சிரித்தார். பாலாறு வந்தபோது, அதில் போன ஒருவரோடு ஒரே பட்டாலியனில் தான் இருந்ததைச் சொன்னார், முன்னால் எப்போதும் சொன்னதில்லை. ஒர்க்‌ஷாப் பத்தி வந்தபோது கண்ணைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனேன். 89 பேர் கணக்கு வந்ததும் கையைத் தூக்கினார்.

“எந்த வருஷம் குடுக்கச் சொன்னாங்க?”

“2007, பெரியப்பா.”

“அடிபட்டது 93, 94ல இருக்குமே.” விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, அடுத்த கை முடிந்து, திரும்ப முதல் கைக்கு வந்தார். பிறகு உள்ளே பார்த்து, “தம்பி வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒரு காப்பி போடக் கூடாதா?” என்று குரல் கொடுத்தார்.